சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு ஒரு விதை (விரை) தான் பைக்குள்ள இறங்கியிருக்கு, அஞ்சு மாசம் ஆச்சு, என்ன பண்ணலாம்?

கரிசல்_கார்த்தி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப தான் முத தடவை எழுதுறேன்.

நமக்கு கோவில்பட்டி பக்கம். வீட்ல ஒரு சிப்பிப்பாறை கடுவன் குட்டி, செவலை, பேரு வீரா. 45 நாள் குட்டியா தூக்கிட்டு வந்தோம், இப்ப அஞ்சு மாசம் முடிஞ்சு நாலு நாள் ஆகுது. தீனி, ஓட்டம், சுறுசுறுப்பு எதுலயும் குறை சொல்ல முடியாது. மூணாம் மாசம் வெறிநாய் தடுப்பூசி போட போனப்ப டாக்டர் அடியில தொட்டுப் பாத்துட்டு, இடது பக்கம் விதை இருக்கு, வலது பக்கம் இன்னும் இறங்கல, அடுத்த மாசம் பாப்போம்னு சொன்னாரு. அடுத்த மாசமும் அதே கதை. இப்ப நானே தினமும் தொட்டுத் தொட்டு பாக்குறேன், ஒண்ணு தான் கைக்கு ஆப்புடுது.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. குட்டி குடுத்தவருக்கு போன் போட்டா "ஒரு வயசுக்குள்ள தானா இறங்கிரும், விளக்கெண்ணெ தடவி நீவி விடுங்க"ங்கிறாரு. வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஹார்மோன் ஊசி ஒரு கோர்ஸ் போட்டா இறங்கிரும்ங்கிறாரு. எங்க மாமா "ஒத்த விதை நாய்க்குத் தான்டா வேகம் ஜாஸ்தி, பேசாம விடு"ங்கிறாரு. எங்க அப்பாவுக்கு இவன வளத்து நல்ல பொட்டையோட கிராஸ் விடணும்னு ஆசை, அதுக்காகவே நாலு ஊரு அலைஞ்சு வாங்குனது, டாக்டர் சொன்னதுல இருந்து அவர் சரியா பேசவே இல்ல, சாயங்காலம் ஆனா வீராவ பக்கத்துல உக்கார வச்சுகிட்டு தலைய தடவிட்டே இருக்காரு.

இனிமே அது இறங்க வாய்ப்பு இருக்கா, ஊசி உண்மையா வேலை செய்யுமா, இறங்கலன்னா ஆபரேஷன் கட்டாயமா இல்ல அப்படியே விட்டுரலாமா, ஒரு விதைய வச்சு கிராஸ் விட்டா குட்டி தங்குமா, இதெல்லாம் அனுபவப்பட்டவங்க யாராச்சும் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரல.


பொள்ளாச்சி_மைதிலி:

கார்த்தி தம்பி, முதல்ல பதறாதீங்க. எங்க வீட்டு டேஷண்ட் குட்டிக்கும் இதே மாதிரி தான் இருந்துச்சுங்க, அவனுக்கு நாலரை மாசத்துல இறங்கிருச்சு. ஆனா அவனுக்கு முன்னாடியே தொடை இடுக்குல தோலுக்கு அடியில சின்ன உருண்டையா கைக்குத் தட்டுப்படும், அமுக்கினா பைக்குள்ள போகும், விட்டா மேல ஏறிக்கும். உங்களுக்கு அப்படி ஏதாச்சும் தட்டுப்படுதுங்களா?

பாக்குற முறையும் இருக்குங்க. குட்டி பயந்தாலோ குளிர்ல இருந்தாலோ விதைய மேல இழுத்துக்கும், ஆஸ்பத்திரி ஸ்டீல் டேபிள் மேல நிக்க வச்சு தொட்டா சரியாத் தெரியாது. வீட்ல சாப்பிட்டு முடிச்சு நல்லா அசந்து தூங்குறப்ப, மல்லாக்க போட்டு, உங்க கைய தேச்சு சூடு பண்ணிகிட்டு, இடுப்புப் பக்கத்துல இருந்து பைய நோக்கி மெதுவா ரெண்டு விரலால வழிச்சுப் பாருங்க. கவுட்டியில கொழுப்புக் கட்டியும் நெறி கட்டுனதும் கூட உருண்டையா இருக்கும், நாங்க ஒரு வாரம் கொழுப்ப விதைன்னு நெனச்சு சந்தோசப்பட்டுட்டு இருந்தோம்.

எண்ணெ போட்டு நீவுறது மட்டும் வேண்டாம்ங்க, பிஞ்சு இடம், வீங்கிட்டா இன்னும் தொல்லை.


கால்நடை_டாக்டர்_தஞ்சை:

கார்த்தி, நான் நாய் பூனை தான் அதிகமா பாக்குறேன், இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது வரும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், ஏன்னா பாதி மட்டும் புரிஞ்சுகிட்டு தான் நெறைய பேர் விட்டுடறாங்க.

விதை உருவாகுறது பைக்குள்ள கிடையாது. குட்டி தாய் வயித்துல இருக்கும்போது விதை ரெண்டும் வயித்துக்குள்ள கிட்னிக்குப் பின்னாடி உருவாகும். அங்க இருந்து கயிறு மாதிரி ஒரு திசு அதைக் கீழ கொண்டு வருது, தொடை இடுக்குல இருக்கிற ஒரு சந்து வழியா வெளிய வந்து பைக்குள்ள உக்காரணும். நாய்க்கு இந்தப் பயணம் பொறந்த பிறகு தான் முடியும். பெரும்பாலான குட்டிக்கு ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள ரெண்டும் கைக்குத் தட்டுப்படணும். நாலு மாசம் வரைக்கும் காத்திருக்கலாம், ரொம்ப தாராளமா போனா ஆறு மாசம், அதுக்கு மேல அந்தச் சந்து சுருங்கிரும், அப்புறம் தானா இறங்கும்னு எதிர்பாக்கிறதுல அர்த்தம் இல்ல. ஒரு வயசு வரைக்கும் பாருங்கன்னு சொன்னவர் தப்பா சொல்லிட்டாரு.

வலது பக்க விதை இறங்காம நிக்கிறது தான் அதிகம், ரெண்டும் நிக்கிறத விட ஒண்ணு மட்டும் நிக்கிறதும் தான் அதிகம். நாய்க்கு வலது கிட்னி இடது கிட்னிய விட கொஞ்சம் முன்னாடி இருக்கும், அதனால வலது விதைக்குத் தூரம் ஜாஸ்தி, அது ஒரு காரணம்னு சொல்றாங்க. உங்க வீராவும் அதே கணக்கு தான். சின்ன ஜாதி நாய்ங்களுக்கு அதிகமா வரும், பொமேரியன், சிவாவா, யார்க்‌ஷயர், டாய் பூடுல். பெருசுல ஜெர்மன் ஷெப்பர்டு, பாக்ஸர், ஹஸ்கி. ஆனா எந்த ஜாதிக்கும் வரலாம், தெரு நாய்க்கும் வரும்.

இப்ப முக்கியமான விஷயம். "ஒண்ணு இல்ல"ன்னு எல்லாரும் சொல்றோம் பாருங்க, அந்தப் பேச்சே தப்பு. அது இருக்கு. வயித்துக்குள்ளயோ கவுட்டியிலயோ எங்கயோ நிக்குது. பொறப்புலயே ஒரு விதை தான் இருக்கும்ங்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதை நம்பி விடக்கூடாது. நாயோட உடம்புச் சூடு ஃபாரன்ஹீட்ல 101ல இருந்து 102.5 வரைக்கும் இருக்கும், விதைக்கு அதை விட குளிர்ச்சி வேணும், அதுக்குத்தான் இயற்கை அதை வெளிய தொங்க விட்டிருக்கு. உள்ள நிக்கிற விதையில உயிரணு உருவாகாது, ஆனா ஆண் ஹார்மோன் மட்டும் வழக்கம் போல சுரந்துட்டே இருக்கும். அதனால ரெண்டும் உள்ள நிக்கிற நாய் கூட மத்த கடுவன் மாதிரியே ஏறும், மூத்திரம் அடிக்கும், சண்டை போடும், குட்டி மட்டும் தங்காது. உங்க வீராவுக்கு வெளிய ஒண்ணு இருக்கிறதால குட்டி தங்கும். தங்கும்ங்கிறது தான் பிரச்சனையே, கீழ சொல்றேன்.

உள்ள நிக்கிற விதை வருஷக்கணக்கா சூட்டுல கிடந்து கிடந்து கட்டியா மாறுற வாய்ப்பு அதிகம். சாதாரண நாயோட ஒப்பிட்டா 9ல இருந்து 13 மடங்கு வரைக்கும்னு ஆராய்ச்சியில வந்திருக்கு. அதுல செர்டோலி செல் கட்டின்னு ஒண்ணு, பெண் ஹார்மோனைச் சுரக்கும், அது முத்துனா எலும்பு மஜ்ஜையையே அடிச்சிரும், ரத்தம் ஊறாது. இன்னொரு ஆபத்து, உள்ள பிடிமானம் இல்லாம தொங்குற விதை, முக்கியமா கட்டி வந்து கனமான விதை, தன்னையே சுத்தி முறுக்கிக்கும். அப்ப திடீர்னு வயித்து வலி, வாந்தி, குனிஞ்சுகிட்டே நிப்பான், உடனே வயித்தைத் திறக்கலன்னா உயிருக்கே ஆபத்து.

ஹார்மோன் ஊசி பத்தி கேட்டீங்க. நாய்க்கு அது வேலை செய்யும்னு நம்புற மாதிரி ஆதாரம் இல்ல. ஊசி போட்டு இறங்குச்சுன்னு சொல்றதெல்லாம் தானா இறங்க வேண்டிய வயசுல போட்டது. ஆபரேஷன் பண்ணி கீழ இழுத்து பையோட தச்சு விடுங்கன்னும் கேப்பாங்க, நான் பண்ண மாட்டேன், ஏன்னா இது பரம்பரையா வர்ற விஷயம், வெளிய ரெண்டு தெரியுற மாதிரி பண்ணிட்டு கிராஸ் விட்டா அடுத்தவன ஏமாத்துறதா ஆகும், பொறக்கிற குட்டிக்கும் துரோகம்.

ஆறு மாசம் வரைக்கும் பொறுங்க. இறங்கலன்னா ரெண்டையும் எடுத்துருங்க, ரெண்டையும். உள்ள நிக்கிறத மட்டும் எடுத்துட்டு வெளிய உள்ளத விடுங்கன்னு கேக்காதீங்க. அவசரம் இல்ல, வேட்டை நாய் உடம்பு, எலும்பு நல்லா வளர்ந்து ஒரு வயசு, ஒன்றரை வயசுல கூட பண்ணலாம். ஆனா "பண்ணலாம் பண்ணலாம்"னு அஞ்சு வயசு வரைக்கும் தள்ளக் கூடாது.


திருச்சி_சின்னு_வீடு:

டாக்டர் சார் எழுதுனதப் படிச்சுட்டு கை நடுங்குது, ஏன்னா அவர் கடைசியில சொன்ன அந்த தப்ப நாங்க பண்ணிட்டோம். கார்த்தி அண்ணா, இத தயவு செஞ்சு முழுசா படிங்க.

எங்க சின்னு வெள்ளை ஸ்பிட்ஸ், எல்லாரும் பொமேரியன்னு சொல்லுவாங்கள்ல, அந்த ஜாதி. எட்டு வயசு. குட்டியில இருந்தே அவனுக்கு ஒண்ணு தான். எங்களுக்குத் தெரியும், எந்த டாக்டர் கிட்டயும் நாங்களும் சொல்லல, அவங்களும் தொட்டுப் பாக்கல. நல்லாத் தான் இருந்தான்.

ஏழரை வயசுல இடுப்புக்கு ரெண்டு பக்கமும் முடி கொட்ட ஆரம்பிச்சுது, ஒரே அளவுல, கண்ணாடியில பாத்த மாதிரி. சொறியவே மாட்டான், முடி மட்டும் கொட்டும், தோல் கருத்துப் போச்சு. பூஞ்சைன்னு ஷாம்பு குடுத்தாங்க, ரெண்டு மாசம் குளிப்பாட்டுனோம். அப்புறம் தைராய்டுன்னு டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல். இதுக்கு நடுவுல அவனுக்கு காம்பெல்லாம் பெருசா ஆச்சு, பொட்ட நாய் குட்டி போட்ட மாதிரி, அம்மா அதைப் பாத்துட்டு வயசாச்சுல்ல, உடம்பு போடுதுன்னு சொன்னாங்க. வாக்கிங் போனா தெருவுல இருக்கிற கடுவன் எல்லாம் இவன் பின்னாடியே மோந்துகிட்டு வரும், மேல ஏறப் பாக்கும். இவனுக்கு அது பிடிக்காது, பயந்து என் காலுக்கு நடுவுல வந்து நிப்பான். எங்களுக்கு ஒண்ணுமே புரியல. இன்னைக்கு நெனச்சா ஒவ்வொண்ணும் ஒரு கதவைத் தட்டின மாதிரி இருக்கு, நாங்க தான் திறக்கல.

அப்புறம் சோர்ந்து போனான். ஈறுல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி. ரத்தம் எடுத்துப் பாத்தா பிளேட்லெட் ரொம்பக் கம்மி, ஹீமோகுளோபின் கம்மி. உடனே உண்ணிக் காய்ச்சல்னு முடிவு பண்ணி 28 நாள் டாக்ஸிசைக்ளின். நம்ம ஊர்ல பிளேட்லெட் கொறஞ்சா முதல்ல அதைத் தான் நெனைப்பாங்க, அதுல தப்பு சொல்ல முடியல, ஆனா 28 நாள் முடிஞ்சும் ஏறல, இன்னும் இறங்குச்சு, திரும்பவும் அதே மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அந்த இடத்துல நான் எதுத்துக் கேட்டிருக்கணும்.

வேற ஒரு டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடுனோம். அவங்க முடிய பாத்தாங்க, காம்பைப் பாத்தாங்க, பின்னாடி திருப்பித் தொட்டுப் பாத்தாங்க, அடுத்த கேள்வி, "இவனுக்கு இன்னொரு விதை எங்க?" ஒரு நிமிஷம் யாரும் பேசல. ஸ்கேன் பண்ணா வயித்துக்குள்ள சாத்துக்குடி அளவு கட்டி. பக்கத்து வீட்டு லேப்ரடார் கிட்ட ரத்தம் எடுத்து ஏத்துனோம், அதுக்கப்புறம் ஆபரேஷன், கட்டிய முழுசா எடுத்துட்டாங்க, பயாப்ஸியில டாக்டர் சார் மேல சொன்ன அதே செர்டோலி பேரு தான் வந்துச்சு. கட்டி போயிருச்சு, ஆனா மஜ்ஜை திரும்பவே இல்ல. 19 நாள் இருந்தான். கடைசி நாள் கூட நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு வால ஒரு தடவை ஆட்டுனான்.

ஒரு வயசுலயே அதை எடுத்திருந்தா, தையல நக்காம இருக்க ஒரு வாரம் கழுத்துல கூம்பு மாட்டிகிட்டு சுத்தியிருப்பான், அவ்ளோ தான். அண்ணா, உங்க வீராவுக்கு அஞ்சு மாசத்துலயே தெரிஞ்சிருக்கு, அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியணும்னு தான் இதை எழுதுனேன்.


கரிசல்_கார்த்தி:

சின்னு அக்காவா அண்ணனான்னு தெரியல, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. வாசிச்சுக் காட்டுனேன், எங்க அம்மா அழுதுட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போய் வீராவுக்கு தண்ணி வச்சுட்டு வந்தாரு.

மைதிலி அக்கா, நீங்க சொன்ன மாதிரி தூங்குறப்ப வழிச்சுப் பாத்தேன், கவுட்டியில ஒண்ணும் தட்டுப்படல. வயித்துக்குள்ள தான் நிக்குதோ என்னமோ.

டாக்டர் சார், ரெண்டு சந்தேகம். கிராஸ் விட்டா குட்டி தங்கும், அது தான் பிரச்சனைன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. இன்னொண்ணு, இவன் ஒல்லி உடம்பு, விலா எலும்பு எண்ணலாம், இந்த மாதிரி வேட்டை நாய்க்கு மயக்க ஊசி ஆகாது, எந்திரிக்காதுன்னு எங்க பக்கம் பல பேர் சொல்றாங்க, அது தான் வயித்த கலக்குது.


ராஜபாளையம்_பெரியவர்:

தம்பி, கிராஸ் விஷயத்த டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிக்கிறேன், ஏன்னா அந்தப் பாவத்தப் பண்ணவன் நான்.

25 வருஷத்துக்கு மேல ராஜபாளையம் வளக்கேன். ஒரு கடுவன் வச்சிருந்தேன், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நிக்கிற நிலையப் பாத்தா ரோட்ல போறவன் வண்டிய நிப்பாட்டுவான். ஒரு விதை தான். அப்ப யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, "பல் பாத்தாச்சு, காது கேக்குதான்னு பாத்தாச்சு, போதும்"னு இருந்த காலம். அவன வச்சு எட்டுப் பத்து ஈத்து எடுத்தேன். வழக்கம் போல கடுவனுக்குக் கூலியா ஒரு குட்டி வாங்கிக்குவேன், அதுல நல்ல பொட்டைய நானே வளத்து, அந்த ரத்தம் போயிரக் கூடாதுன்னு திரும்ப அவனோட அண்ணன் தம்பி வழியிலயே சேத்தேன். அந்த ஈத்துல நாலு கடுவன், ரெண்டுக்கு ஒத்த விதை, ஒண்ணுக்கு ரெண்டுமே இறங்கல. அன்னைக்குத் தான் எனக்கு உறைச்சுச்சு.

இதுல கொடுமை என்னன்னா பொட்டைக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. தாய் சுமந்துட்டு இருக்கும், அக்கா தங்கச்சி சுமந்துட்டு இருக்கும், நாம கடுவன மட்டும் குத்தம் சொல்லிட்டு தாய திரும்ப கிராஸ் விடுவோம். ஒத்த விதைக் குட்டி விழுந்தா அப்பன் ஆத்தா ரெண்டு பேரையும் நிறுத்திரணும். நம்ம நாட்டு நாய்ங்க ஏற்கனவே கொஞ்சம் தான் இருக்கு, சுத்திச் சுத்தி அதே ரத்தத்துக்குள்ள தான் சேக்கிறோம், அதனால ஒரு கடுவன் பண்ற தப்பு ஊரு பூரா பரவும். ராஜபாளையத்துல காது கேக்காத குட்டி விழுறத பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சவன் நான், இன்னொரு குறையையும் சேத்து வளக்கணுமா?

நாய்க் கண்காட்சிக்கும் ஆகாது. சென்னையில தலைமை ஆபீஸ் இருக்கிற இந்திய கென்னல் கிளப் நடத்துற ஷோவா இருந்தாலும், வெளிநாட்டு ஷோவா இருந்தாலும், கடுவனுக்கு ரெண்டு விதையும் முழுசா பைக்குள்ள இறங்கியிருக்கணும்ங்கிறது இன லட்சணத்துலயே எழுதியிருக்கு, ஜட்ஜ் கையால தொட்டுப் பாத்துட்டுத் தான் அடுத்த நாய்க்கு நகருவாரு.

உங்க அப்பா கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. வேட்டை நாயோட வேகம் அது நெஞ்சுலயும் காலுலயும் இருக்கு, விதையில இல்ல. காயடிச்ச நாய் ஓடாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, என் வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்.


வேப்பேரி_தெருநாய்_தோழி:

இதோட ஒரு விஷயம் சேத்துக்கறேன், தெரு நாய் பாக்கிறவங்களுக்கு இது உதவும்.

எங்க தெருவுல பிரவுனின்னு ஒருத்தன், நாய் பிடிச்சுட்டுப் போய் கருத்தடை பண்ணி காதுல வெட்டு போட்டு கொண்டு வந்து விட்டாங்க. பை காலியா இருக்கு, காது வெட்டு இருக்கு, எல்லாரும் முடிஞ்சுதுன்னு நெனச்சோம். ஆனா அவன் அடங்கவே இல்ல, மாசக்கணக்கா சுவரெல்லாம் மூத்திரம் அடிக்கிறது, பொட்டை நாய் சீசன் வந்தா சாப்பாடு தண்ணி இல்லாம மூணு தெரு தாண்டிப் போய் கடி வாங்கிட்டு வர்றது. காயத்துக்கு மருந்து போட தூக்கிட்டுப் போனப்ப ஒரு டாக்டருக்கு சந்தேகம் வந்து ரத்தத்துல ஏஎம்எச்னு ஒரு ஹார்மோன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. விதை உடம்புல எங்க ஒளிஞ்சு இருந்தாலும் அது ரத்தத்துல காட்டிக் குடுத்துருமாம். பாசிட்டிவ். வெளிய இருந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு உள்ள இருக்கிறத தேடாம விட்டிருக்காங்க. யாரு பண்ணாங்கன்னு இப்ப சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஒரு நாளைக்கு எத்தனை நாய் பண்றாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா வெளிய இருக்கிறத எடுத்துட்டா அடையாளமே போயிருது, அப்புறம் அந்த நாய்க்கு உள்ள ஒண்ணு இருக்குன்னு யாருக்குமே தெரியாது, கட்டி வந்து சாகுற வரைக்கும்.

அதனால கார்த்தி, நீங்க எங்க பண்ணாலும் முன்னாடியே சொல்லிருங்க, உள்ள இருக்கிறத முதல்ல தேடி எடுங்க, அப்புறம் வெளிய இருக்கிறதுன்னு. முடிஞ்சதும் எடுத்த ரெண்டையும் காட்டச் சொல்லிப் பாத்துட்டு வாங்க. கேக்கிறதுக்குக் கூச்சப்படவே வேண்டாம்.


கால்நடை_டாக்டர்_தஞ்சை:

பெரியவரும் தோழியும் நான் சொல்ல வேண்டியதுல பாதிய சொல்லிட்டாங்க. உள்ளதை முதல்ல எடுக்கணும்ங்கிறது நூத்துக்கு நூறு சரி. பரம்பரை விஷயத்துல ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன், இது ஒரே ஒரு மரபணுவால வர்றது இல்ல, பல மரபணு சேந்து வர்றது, டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது. அதனால ஒத்த விதை அப்பனுக்கு முதல் ஈத்து நல்லா விழுந்துச்சுன்னு வச்சு சுத்தம்னு சொல்ல முடியாது.

மயக்க மருந்து பயத்துக்கு வர்றேன். உங்க பக்கம் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அது எங்க இருந்து வந்துச்சுன்னா, தயோபென்டோன்னு ஒரு பழைய மருந்து. கிரேஹவுண்டு மாதிரி ஓட்ட நாய்க்கு உடம்புல கொழுப்பு கம்மி, அந்த மருந்த ஈரல் உடைக்கிறதும் மெதுவா, அதனால மணிக்கணக்கா எந்திரிக்காம கிடக்கும். நம்ம சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய் எல்லாம் அதே மாதிரி உடல்வாகு, அதனால நாங்களும் அதே ஜாக்கிரதையோட தான் பாப்போம். புரோபோபால் குடுத்து, மூச்சுக்குழல்ல டியூப் போட்டு, ஐசோஃப்ளூரேன் கேஸ்ல வச்சுப் பண்றப்ப அந்தத் தொல்லை இல்ல. ஒல்லி நாய்க்கு டேபிள்ல உடம்பு சீக்கிரம் குளிர்ந்துரும், அதனாலயும் எந்திரிக்க லேட் ஆகும், அடியில சூடு பேட் வைப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. கேஸ் மெஷின் இருக்கிற இடமா பாருங்க. உங்களுக்குப் பக்கத்துல திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க போய்க் கேளுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் கண்டிப்பா. உண்ணிக் காய்ச்சல் உள்ள மறைஞ்சு இருந்து பிளேட்லெட் கம்மியா இருந்தா கத்தி வச்ச இடத்துல ரத்தம் நிக்காது, நம்ம ஊர் நாய்க்கு இதைப் பாக்காம பண்ணவே கூடாது. ஸ்கேன்ல சின்ன விதை சில சமயம் தெரியாது, அதுக்காக இல்லன்னு ஆயிராது. வயித்தைத் திறந்தா மூத்திரப்பைக்குப் பின்னாடி இருந்து விந்துக் குழாயப் பிடிச்சுகிட்டே போனா அதோட நுனியில விதை இருக்கும், தப்பவே தப்பாது. சின்ன ஓட்டை போட்டு கொக்கி விட்டுத் துழாவுறது ஆபத்து, அப்படித் துழாவி புராஸ்டேட்டையே இழுத்த சம்பவம் எல்லாம் பதிவாயிருக்கு. தழும்பு கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவாயில்ல, கண்ணால பாத்துப் பண்றது தான் நல்லது.

பத்துல இருந்து பதினாலு நாள் கயித்துல தான் இருக்கணும். சிப்பிப்பாறைய அடக்கி வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும், ஆனா மூணாவது நாளே ஓட விட்டா தையல் பிரியும். ஆபரேஷன் முடிஞ்சும் ஒரு மாசம், ஒன்றரை மாசத்துக்கு பொட்டை பக்கம் விடாதீங்க, குழாய்ல மிச்சம் இருக்கிறதுல குட்டி தங்கலாம்.


கரிசல்_கார்த்தி:

ரொம்ப மாசம் கழிச்சு எழுதுறேன், இந்தப் பதிவ தேடி வர்றவங்களுக்கு முடிவு தெரியணும்ல.

ஆறு மாசம் வரைக்கும் பாத்தோம், இறங்கல. 13 மாசம் முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணியாச்சு. ரத்தம் எடுத்தப்ப பிளேட்லெட் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, உண்ணிக் காய்ச்சல் லேசா, மருந்து குடுத்து அது சரியான பிறகு தான் தேதியே குடுத்தாங்க, டாக்டர் சார் சொல்லலன்னா நான் ரத்தம் எல்லாம் எதுக்குன்னு தான் நெனச்சிருப்பேன். ஸ்கேன்ல வயித்துக்குள்ள மூத்திரப்பை பக்கத்துல தெரிஞ்சுது. கேஸ் மயக்கம் தான். காலைல பத்து மணிக்கு உள்ள கொண்டு போனாங்க, மத்தியானம் ஒண்ணரைக்கு போர்வையச் சுத்தி வெளிய கொண்டு வந்தாங்க, எங்க அப்பா குரலைக் கேட்டு தலைய தூக்குனான் பாருங்க, அப்ப தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

எடுத்த ரெண்டையும் காட்டச் சொன்னேன், காட்டுனாங்க. வெளிய இருந்தது நல்லா கோலிக்குண்டு விட பெருசா உருண்டு திரண்டு இருந்துச்சு, உள்ள இருந்தது அதுல பாதி கூட இல்ல, வதங்கிப் போன மாதிரி, மெத்துன்னு. கட்டி எதுவும் இல்லன்னு சொன்னாங்க. இவ்ளோண்டு சாமான் எட்டு வயசுல சாத்துக்குடி அளவு ஆயிருக்குமேன்னு நெனச்சப்ப சின்னு ஞாபகம் வந்துருச்சு.

பன்னெண்டு நாள் கட்டிப் போட்டு வச்சது தான் பெரிய பாடு, ராத்திரி பூரா ஊளை, அப்பா அவன் பக்கத்துலயே கயித்துக் கட்டில்ல படுத்துகிட்டாரு. இப்ப பழைய மாதிரி காட்டுல ஓடுறான், பெரியவர் சொன்னது நெஜம், வேகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

இன்னொண்ணு. குட்டி குடுத்தவரு கிட்ட நான் சொன்னப்ப காதுலயே போட்டுக்கல. போன வாரம் அப்பாவே நேர்ல போயிட்டு வந்தாரு. தாய திரும்ப அதே கடுவனோட சேக்கிறதா இருந்தாங்களாம், வேண்டாம்னு பேசி நிறுத்திட்டு வந்திருக்காரு. வீரா கூட பொறந்த கடுவன் இன்னும் ரெண்டு இருக்கு, ஒண்ணு விளாத்திகுளம் பக்கம், ஒண்ணு சாத்தூர். ரெண்டு வீட்டு நம்பரும் வாங்கிட்டு வந்திருக்காரு. விளாத்திகுளத்துக்குப் போன் பண்ணியாச்சு, தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்கு. சாத்தூர்க்காரர் போன எடுக்கல, ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டு நேர்லயே போறோம்.